மணிக்கும் படலைக்கும் நடுவில்



இந்த வாரம் நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு ஆரம்பப் பாடசாலையின் பெற்றோர் கூட்டம். இதற்கா மறையுரைப் பகுதி என்று கேட்டு யாரும் பத்திரிகையை மடித்து வைத்துவிட வேண்டாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு பங்கில் நான் பணியாற்றிய காலம் அது. 1990 இல் நின்றுபோன யாழ்தேவி 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும், அடுத்த வருடம் காங்கேசன்துறை வரைக்கும் திரும்பி வந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருக்கும். கோவில் வளவுக்கு ஒரு பக்கம் மதில். மதிலுக்கு அப்பால் முதலாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையுள்ள ஒரு சிறிய பாடசாலை. பெயரில் இன்றும் ‘றோமன் கத்தோலிக்க’ என்ற சொற்கள் உண்டு. படிப்பவர்களில் பாதிப்பேர் சைவப் பிள்ளைகள். அந்தப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். வழக்கம்போலத் தாய்மார் நிறைய வந்திருந்தார்கள். தந்தையர் ஆறு ஏழு பேர், அவர்களிலும் இருவர் வாசலோடு நின்றபடி. அதிபர் அறிக்கை வாசித்தார், பொருளாளர் கணக்கு வாசித்தார். விளையாட்டு விழாவுக்குப் பந்தல் யார் போடுவது, ஒலிபெருக்கி எங்கே எடுப்பது என்பதில் முக்கால் மணி நேரம் போனது. பிறகு ‘வேறு விடயங்கள்’ என்று செயலாளர் சொன்னார். அந்த நேரத்தில் எல்லாரும் குடையைத் தேடுவதும் செருப்பைத் தேடுவதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

அப்போது ஒரு வயோதிப மாது எழும்பினார். அவருடைய மகள் மத்திய கிழக்கில் வேலை செய்கிறவர். இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேரனை வளர்ப்பது இந்த அம்மம்மாதான். அதிபரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“சுவாமி, எனக்கொரு விளக்கம் சொல்லுங்கோ. பள்ளிக்கூட மணி அடிச்சாப் பிறகு ரீச்சர்மாருக்குப் பொறுப்பில்லை. படலைக்குள்ள காலை வைச்சாப் பிறகுதான் என்ரை பொறுப்பு. மணிக்கும் படலைக்கும் நடுவில என்ரை பேரன் ஆற்றை பிள்ளை?”

ஒருவரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. “நல்ல கேள்வி, அம்மா” என்றேன். பதில் இல்லாத குருமார் சொல்லும் வார்த்தை அது.

அன்று இரவு புனித லூக்காவின் நற்செய்தியில் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். திருக்குடும்பத் திருவிழாவில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வாசிக்கப்படும் பகுதி அது. எத்தனையோ முறை அதைப் பற்றிப் பிரசங்கித்திருக்கிறேன். பன்னிரண்டு வயதுப் பாலகன் இயேசு பாஸ்காத் திருவிழா முடிந்து யெருசலேமிலேயே தங்கிவிடுகிறார். மரியன்னையும் சூசையப்பரும் ஒருநாள் வழி நடந்துவிட்ட பின்னர்தான் பிள்ளை கூட இல்லை என்று அறிகிறார்கள். ஏன் அவ்வளவு தாமதம்? பிள்ளை பயணக் கூட்டத்தில் யாரோடாவது வருகிறார் என்று நினைத்தார்கள் என்று நற்செய்தியாளர் சொல்கிறார். உறவினரிடமும் அறிமுகமானவர்களிடமும் தேடினார்கள். அங்கே இல்லை. மூன்றாம் நாளில்தான் ஆலயத்தில் கண்டார்கள்.

இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கும்போதெல்லாம் தந்தையின் அலுவலில் தாம் இருக்க வேண்டும் என்று பாலகன் சொன்ன மறுமொழியைத்தான் நான் எடுத்துப் பேசுவேன். அன்றிரவு என் கண் அந்தப் பயணக் கூட்டத்தின் மேல் போய் நின்றது. நாசரேத்துக்கு நாட்கணக்கான நடை. ஊரோடு ஊராக, இனசனத்தோடு இனசனமாகப் போகிறார்கள். பெரியம்மா, சித்தப்பா, அயல்வீட்டார் எல்லாரும் அதில் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவராவது முற்பகலிலேயே, “மரியா, மகனைக் காணவில்லையே, எங்கே?” என்று கேட்டதாக எழுதப்படவில்லை. ஒவ்வொருவரும் மற்றவரோடு வருகிறார் என்று எண்ணியிருப்பார்கள். ஒருவரும் கெட்டவர்கள் அல்லர். ஆனாலும் ஒரு பிள்ளை ஒருநாள் முழுவதும் ஒருவருடைய கணக்கிலும் இல்லாமற் போய்விட்டது.

மரியன்னையிலும் சூசையப்பரிலும் குற்றம் காண முடியுமா? கூட்டத்தை நம்பினார்கள். நம்பக்கூடிய ஒரு கூட்டம் இருந்ததே ஒரு பாக்கியம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இன்று நம்மில் எத்தனை பேர், “யாரேனும் பார்த்துக்கொள்வார்கள்” என்று நம்பிப் பிள்ளையை ஒழுங்கையில் விடலாம்?

நான் பாடசாலைக்குப் போன காலம் யுத்தகாலம். மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது ஹெலிச் சத்தம் கேட்டால் எந்த வீட்டுப் படலையும் எங்களுக்குத் திறக்கும். பெயர் தெரியாத ஒரு மாமி என்னை இழுத்துத் தன் பிள்ளைகளோடு பங்கருக்குள் இருத்தி, சத்தம் ஓய்ந்த பின் தண்ணீர் தந்து அனுப்பியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தக் காலம் மீண்டும் வரவேண்டும் என்று சொல்லும் மூடன் நானல்லன். பயம் நம்மை ஒன்றாக்கியது. பயம் நீங்கியதும் நாம் அவரவர் படலைக்குள் போய்விட்டோம். 2009 க்குப் பின் மதில்கள் உயர்ந்த வேகத்தைப் பாருங்கள். கதியால் வேலியூடாக ஒழுங்கையில் போகிற பிள்ளை தெரிந்தது. ஆறடி மதிலூடாக என்ன தெரியும்?

இன்னொரு காரணமும் உண்டு. இதைச் சொன்னால் நம் பெரியவர்கள் சிலருக்குக் கோபம் வரலாம். 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. அதற்கு முன் கத்தோலிக்கப் பாடசாலைக்குச் சுவாமியாரே மனேஜர். கூரை ஒழுகினாலும், ஆசிரியர் வராவிட்டாலும், பிள்ளை விழுந்தாலும் அறைவீட்டுக்கு ஓடுவார்கள். அதற்குப் பின் எல்லாம் அரசாங்கம் என்றாயிற்று. சுவாமியாரின் கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்குப் பாடசாலை மாறிய அந்த இடைவெளியில் அது பெற்றோரின் கைக்கு ஒருபோதும் வந்து சேரவில்லை. அபிவிருத்திச் சங்கம் என்று இருக்கிறது. சட்டப்படி அதிபர் தலைவர், பெற்றோர் அங்கத்தினர். ஆனால் நம் மனதில் அது பந்தலுக்கும் பெயின்றுக்கும் பணம் சேர்க்கும் சங்கம்.

அந்த அம்மம்மாவின் கேள்வி சும்மா போய்விடவில்லை. செயலாளராக இருந்த ஒரு தாய் இரண்டு நாள் கழித்து அறைவீட்டுக்கு வந்தார். “ஃபாதர், கடிதம் எழுத முதல் ஒருக்கா நடந்து பார்ப்பம்” என்றார். அடுத்த சனிக்கிழமை பின்னேரம் பதினைந்து பேர் அளவில் பாடசாலை வாசலில் கூடினோம். முன்னுக்கு நடக்கும்படி அம்மம்மாவின் பேரனையே விட்டோம். அவன் தினமும் போகிற வழியில் எங்களைக் கூட்டிப்போகச் சொன்னோம். பெரியவர்கள் போகும் வழியும் பிள்ளை போகும் வழியும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் வீதியால் போவோம். அவன் வளவுகளுக்குள்ளால் போனான்.

முதலில் கிணறு. நம் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் உள்ள நிலத்தடி நீர்தான் நம் உயிர். ஆகவே எங்கும் கிணறு. வீட்டுக் கிணற்றுக்குக் கட்டு இருக்கும். தோட்டக் கிணறு பலவற்றுக்கு இல்லை, வாய் நிலத்தோடு நிலமாக இருக்கும். அந்தப் பையன் போன குறுக்குவழியில் 1990 இல் சனம் விட்டுப் போன வளவு ஒன்று, உரியவர்கள் கனடாவில். நாயுருவியும் இலந்தையும் மூடிக் கிடந்த இடத்தில் ஒரு பழைய கிணறு. “இஞ்சை கிளி முட்டை இருக்கு” என்று பையன் சொன்னான். கிணற்றின் உள்பக்கப் பொந்தைத்தான் காட்டினான். எங்களோடு வந்த தாய்மாரில் ஒருவர் அந்த இடத்திலேயே குந்திவிட்டார்.

பிறகு புகையிரதக் கடவை. கதவும் இல்லை, காவலாளியும் இல்லை. ஒரு தலைமுறை முழுவதும் புகையிரதத்தைக் காணாமலே வளர்ந்த ஊர் இது. ஆடு மேய்த்த இடமாகவும், சிலாகைகளை ஏற்கனவே இழந்துவிட்ட வெறும் மேடாகவும் அந்தப் பாதையை அறிந்தவர்களுக்கு, இரு பக்கமும் பார்த்துக் கடக்க வேண்டும் என்பது இரத்தத்தில் ஊறவில்லை. பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய தாய்க்கே அந்தப் பழக்கம் இல்லை. வளைவில் நின்ற பற்றை புகையிரதத்தை மறைத்தது. எனக்கு மறைக்கவில்லை, பையனின் உயரத்துக்கு நான் குனிந்து பார்த்தபோது மறைத்தது.

பிறகு சந்தி. மணல் ஏற்றும் டிப்பர்கள். மஞ்சள் கடவையின் கோடுகள் அழிந்துபோயிருந்தன. பக்கக் கட்டு உடைந்த மதகு ஒன்று. கடை வாசலில் சாராயப் போத்தலோடு குந்தியிருந்த சிலர். எங்களைக் கண்டதும் போத்தலைப் பின்னால் வைத்தார்கள், பிள்ளைகளைக் கண்டு வைத்திருக்க மாட்டார்கள்.

திரும்பி வந்து கடிதம் எழுத உட்கார்ந்தோம். அரைமணி நேரத்தில் மூன்று கடிதம் முடிந்தது: பிரதேச சபைக்கு மதகும் கடவைக் கோடும், புகையிரதத் திணைக்களத்துக்குக் கடவைக் கதவு, பொலிசாருக்கு டிப்பர் வேகம். எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள். வாசித்துப் பார்த்தேன். நல்ல தமிழ். ஆனால் பார்த்த எல்லாம் அதில் இல்லை. கிணறு இல்லை, ஏனென்றால் கனடாக்காரரின் தம்பி நம் கோவிலில் முன்வாங்கில் இருப்பவர். டிப்பர் வேகம் இருந்தது, ஆனால் யாருடைய டிப்பர் என்பது இல்லை. ஏனென்றால் விளையாட்டு விழாப் பந்தலுக்கு அவர்தான் காசு தருகிறவர். மூன்று பேருக்கான இருக்கையில் ஒன்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும் முச்சக்கரவண்டி இல்லவே இல்லை. ஏனென்றால் அதை ஓட்டுகிறவர் எங்களோடு நடந்து வந்து, கையெழுத்தும் வைத்தவர்.

தூரத்தில் இருக்கிற அதிகாரியிடம் நீதி கேட்க நமக்கு நாக்கு நீளும். பக்கத்து வீட்டுக்காரனிடம் ஒரு கிணற்றுக் கட்டைக் கேட்க வராது. இதைச் சொல்லலாமா என்று நான் வாயெடுக்க முன், அந்தப் பையன் அம்மம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னான். அம்மம்மா அவனை அடக்கினார். “சொல்ல விடுங்கோ” என்றேன்.

“பின்னுக்குக் கோயில் மலகூடக் கிடங்கு திறந்து கிடக்கு. பந்து அதுக்குள்ள போனது.”

அது என் வளவு. திருவிழாவுக்கு வரும் சனத்துக்காக மலகூடம் கட்டக் கிடங்கு வெட்டி, காசு போதாமல் இடையில் நின்றுபோனது. மேலே இரண்டு தகரம் போட்டிருந்தோம். காற்று ஒன்றைக் கொண்டுபோய்விட்டது. மதில் உடைந்திருந்த இடத்துக்கும் அதற்கும் இருபது அடி இராது. அந்தப் பதினைந்து பேரும் அதை அறிவார்கள். சுவாமியின் முகத்துக்காக ஒருவரும் எழுதவில்லை. நானும் தினமும் செபமாலை சொல்லிக்கொண்டு அதைக் கடந்து நடந்தவன்.

அன்புக்குரியவர்களே, யாத்திராகமம் இருபத்தொராம் அதிகாரத்தில் குழியைப் பற்றி ஒரு சட்டம் இருக்கிறது. ஒருவன் குழி வெட்டி அதை மூடாமல் விட்டு, அதிலே அடுத்தவனுடைய மாடோ கழுதையோ விழுந்து செத்தால், குழிக்குச் சொந்தக்காரன் விலை கொடுத்துத் தீர்க்க வேண்டும். உபாகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் இன்னொன்று: புதுவீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும், கட்டாமல் விட்டு ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின் மேல் வரும். குருமடத்தில் வேதாகமம் படித்த நாட்களில் இவற்றைப் பழைய யூதச் சட்டங்கள் என்று நான் வேகமாகத் தாண்டிப் போனேன். கடவுளுக்கு மொட்டைமாடியைப் பற்றி என்ன அக்கறை என்று அப்போது நினைத்திருப்பேன். கூர்ந்து பாருங்கள். விழுந்தவன் கவனமில்லாமல் நடந்தானா, குடித்திருந்தானா, ஏன் அங்கே போனான் என்று சட்டம் கேட்கவில்லை. சுவர் இருந்ததா என்று கேட்கிறது. நாமோ ஒரு பிள்ளை கிணற்றில் விழுந்தால் முதலில் கேட்பது, “தாய் எங்கே போனவள்?” என்றுதான்.

பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவர்கள் கோபத்தைச் சொல்கிறார்கள், பொய்யைச் சொல்கிறார்கள், பூசை தவறியதைச் சொல்கிறார்கள். கிணற்றுக்குக் கட்டுக் கட்டாமல் விட்டேன் என்று என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. பூசைத் தொடக்கத்தில் நெஞ்சில் தட்டிச் சொல்லும் செபத்தில் நினைவு, சொல், செயல் ஆகியவற்றோடு செய்யாமல் விட்டதையும் சேர்த்துத்தான் அறிக்கையிடுகிறோம். அந்த நான்காவது சொல்லை வாய் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. அந்தக் கிடங்கைப் பற்றி நான் அந்த வாரமே இன்னொரு குருவிடம் முழந்தாளிட்டுச் சொன்னேன். அவர் தந்த அபராதம் ஒரு கொங்கிறீற் மூடி.

நெகேமியா ஆகமத்தின் மூன்றாம் அதிகாரத்தைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. பெயர்களின் நீண்ட அட்டவணை என்று விட்டுவிடுவோம். யெருசலேமின் இடிந்த மதிலை யார் எந்தப் பகுதியில் கட்டினார் என்ற விபரம் அது. அதில் எனக்கு மூன்று விடயங்கள் பிடிக்கும். முதலாவதாகக் கல்லெடுத்தவர் தலைமைக்குரு எலியாசிப். குருமாரோடு சேர்ந்து ஆட்டு வாசலைக் கட்டினார். பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதியைக் கட்டினார்கள். ஒருவர் தம் பெண்மக்களோடு வந்து கட்டினார். தெக்கோவா ஊரில் சாதாரண சனம் வந்தது, பெரியவர்கள் கழுத்தை வளைக்க மறுத்துவிட்டார்கள் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெரியவர்களின் பெயரை எழுதாமல் விட்டதைப் பார்த்தால் நம் செயலாளரைப் போல ஒருவர்தான் அதையும் எழுதியிருப்பார். ஐம்பத்திரண்டு நாளில் மதில் முடிந்தது.

என் கிடங்கு மூடிய பின்தான் எனக்கு மற்றவர்களிடம் பேச வாய் வந்தது. முதலில் முச்சக்கரவண்டிக்காரரிடம் போனேன். தனியே, மாலையில். கோபப்படுவார் என்று எண்ணினேன். அவர் கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். எந்தத் தாய் எவ்வளவு தருகிறார், எந்தத் தாய் மூன்று மாதம் தரவில்லை, பெற்றோல் விலை, வண்டித் தவணைப் பணம். “நாலு பிள்ளையோட ஓடினா நான் வண்டியைக் குடுத்துப்போட்டுக் கூலிக்குப் போகோணும், ஃபாதர். கூட ஏத்துறன் எண்டு குறை சொல்லுற ஆக்கள்தான் காசைக் குறை எண்டும் கேக்கிறவை.” அவர் சொன்னது உண்மை. அவரைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தவர்கள் அந்தக் குற்றத்தின் இலாபத்தை மாதாமாதம் அனுபவித்தவர்கள். அடுத்த கூட்டத்தில் அந்தக் கொப்பியை, பெயர்களை மறைத்து, நானே வாசித்தேன். ஒரு மணிநேரச் சச்சரவின் பின் மாதப் பணத்தைக் கூட்டுவதென்றும், இரண்டு தடவையாக ஓடுவதென்றும் முடிவாயிற்று. கொடுக்க முடியாத மூன்று குடும்பங்களின் பங்கைச் சங்கமே ஏற்றது. ஒலிபெருக்கிச் செலவு அந்த வருடம் குறைந்தது.

கிணற்று விடயம் எதிர்பார்த்ததிலும் இலேசாக முடிந்தது. முன்வாங்குக்காரர், “அண்ணையின்ரை காணியில நான் எப்பிடிக் கை வைக்கிறது?” என்று தயங்கினார். செயலாளர் தன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பச் செய்தார்: கிணற்று வாயும், பக்கத்தில் பையனும். கனடாவிலிருந்து அதே இரவில் பதில். கட்டுக் கட்டி, மேலே கம்பி வலையும் போட்டார்கள். அண்ணன் தம்பி பல வருடமாகக் காணிப் பிரச்சினையால் பேசாமல் இருந்தவர்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

டிப்பர் முதலாளியிடம் நாங்கள் வெல்லவில்லை. பாடசாலை கூடும் நேரத்திலும் விடும் நேரத்திலும் அந்தச் சந்தியால் ஓடுவதில்லை என்று வாக்குத் தந்தார். ஒரு தவணை வரை காப்பாற்றினார். அடுத்த வருடம் பந்தலுக்குக் காசு வரவில்லை. பந்தல் இல்லாமல் வேப்பமரத்தடியில் விளையாட்டு விழா நடந்தது. வெயில்தான்.

இன்னொன்று எழுதவேண்டும், எழுதாமல் விட்டால் நானும் அந்தக் கடிதத்தைப் போலவே ஆகிவிடுவேன். வழியில் உள்ள ஆபத்தெல்லாம் கிணறும் வண்டியும் அல்ல. இனிப்பு வாங்கித் தரும் தெரிந்த மாமா, பிள்ளையைத் தனியே நிறுத்தி வைக்கும் வகுப்புக்காரர், மரியாதைக்குரிய உடையில் இருப்பவர் — பிள்ளைக்குத் தீங்கு செய்கிறவர் அநேகமாகப் பிள்ளைக்கு அறிமுகமானவரே. நம் பங்குகளும் இல்லங்களும் இதற்கு விதிவிலக்கு என்று நான் சொல்லமாட்டேன். உலகமெங்கும் திருச்சபை இந்த விடயத்தில் மௌனமாக இருந்து பெரும் பாவம் செய்திருக்கிறது. குடும்ப மானம், ஊர் மானம், கோவில் மானம் என்று மூடுகிறோம். மூட வேண்டிய குழியை மூடாமல், மூடக்கூடாததை மூடுகிறோம். ஒரு பிள்ளை திடீரென்று ஒரு வீட்டுக்குப் போக மறுத்தால், ஒரு வழியால் போக மறுத்தால், அடிக்க வேண்டாம், கேளுங்கள். அவன் சொல்வதை நம்புங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1998 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டது. 1929 என்ற இலக்கத்துக்கு யாரும் அழைத்துச் சொல்லலாம். அந்த நான்கு இலக்கங்களை உங்கள் பிள்ளையின் கொப்பி அட்டையில் எழுதிவிடுங்கள். குருவானவர் ஒருவரைப் பற்றிய முறைப்பாடானாலும் அதே இலக்கம்தான்.

எங்கள் ஆண்டவர் சிறுபிள்ளை ஒன்றை நடுவில் நிறுத்திவைத்துப் பேசினார் என்று புனித மத்தேயு எழுதுகிறார். நடுவில் நிறுத்தினார் என்பதைக் கவனியுங்கள். பிள்ளையின் பெயரால் கூட்டம் கூடுகிற நாம் அவனை வீட்டில் விட்டுவிட்டு வந்து, அவன் எந்த வழியால் போகிறான் என்று நமக்குள் ஊகித்துக்கொள்கிறோம். உங்கள் பாடசாலையில் அடுத்த கூட்டத்துக்கு அறிவித்தல் துண்டு வரும்போது, தந்தையரே, நீங்களும் போங்கள். வாசலில் நிற்காமல் உள்ளே போய் உட்காருங்கள். ‘வேறு விடயங்கள்’ வரும்வரை இருங்கள். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை பின்னேரம் உங்கள் பிள்ளையை முன்னே நடக்கவிட்டு நீங்கள் பின்னே நடந்து பாருங்கள். சைவக் குடும்பத்தாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கிணற்றுக்குச் சமயம் தெரியாது. பார்த்ததை எழுதும்போது நம்மவரின் பெயர் வரும் இடத்தில் பேனை நிற்கும். அந்த இடத்தில்தான் அவரிடம் நேரில் போகவேண்டும். முதலில் உங்கள் வளவைப் பார்த்துவிட்டு.

புகையிரதக் கடவைக் கடிதத்துக்கு மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்று. நான் அந்தப் பங்கை விட்டு மாற்றலாகும்வரை கதவு வரவில்லை. பற்றையை மட்டும் இளைஞர் கழகத்துப் பிள்ளைகள் வெட்டினார்கள். மழைக்குப் பின் மீண்டும் வளரும், மீண்டும் வெட்டுவார்கள். காலையில் ஏழு மணிக்கு இரண்டு பேர் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் வைத்துக்கொண்டு கடவையின் இரு பக்கமும் நிற்பார்கள். சங்கத்தில் முறை எழுதிக் கூப்பன் அட்டைபோல ஒரு அட்டையில் ஒட்டியிருந்தார்கள். என் பெயரும் அதில் இருந்தது, செவ்வாய்க்கிழமைகளில். அம்மம்மாவுக்கு வெள்ளிக்கிழமை. அவர் கொடி பிடிக்கமாட்டார். வீட்டிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிவந்து தண்டவாளத்துக்கு இப்பால் போட்டு உட்கார்ந்து, வரும் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணுவார்.